சோபாவுக்கு முன்னால் கட்டிய கயிறு

விசில் என் உதட்டில் இருந்தது. நான் ஊதவில்லை.

கடைசி செட். இரண்டு அணிக்கும் சமப் புள்ளி. வலைக்கு அந்தப் பக்கம், புனேயின் இன்னொரு மூலையான கோந்த்வாவிலிருந்து வந்த பெண் சர்வீஸ் போடுவதற்குப் பந்தை உயர்த்திப் பிடித்திருந்தாள். நான் ஊதினால்தான் அவள் அடிக்க முடியும். நான் பேசாமல் நிற்கவே அவள் பந்தை இறக்கினாள், தரையில் தட்டினாள், மறுபடி உயர்த்தினாள். இந்தப் பக்கம் எங்கள் சாங்விப் பெண்கள் முட்டியை மடக்கிக் காத்திருந்து கால் வலித்து நிமிர்ந்துவிட்டார்கள்.

பின்வரிசையில் நின்ற பிராஜக்தா மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. நடுவர் மேடையில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தாள். கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த மராத்திப் பெண். நல்ல உயரம், நல்ல உடல்வாகு, அடித்தால் எதிரணிக்குக் கை எரியும். "காகூ" என்று கூப்பிட்டாள். நம் ஊரில் சித்தி என்பது மாதிரி அது. "அவர் என்ன சொன்னார்?" என்று மராத்தியில் கேட்டாள்.

அவர் என்றால் எங்கள் வாலிபால் சங்கத்தின் தலைவர் சென்னியப்பன். கோயம்புத்தூர்க்காரர். பிம்ப்ரிப் பக்கம் பட்டறை வைத்துக் கார்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவர். மைதானத்தின் எதிர்ப்புறம் பந்தல் போட்டு, அதற்குள் சிவப்பு சோபா போட்டு, மனைவி மரகதத்தோடு உட்கார்ந்திருந்தார். பிராஜக்தாவின் கையில் பட்ட பந்து எகிறி வெளியே போனதும் சோபாவிலிருந்து பாதி எழுந்து, அவளைப் பார்த்துத் தமிழில் இரண்டு வார்த்தை கத்தினார். ஒன்று அவள் உடம்பைப் பற்றி. இன்னொன்று அவளைப் பெற்றவளைப் பற்றி. இரண்டையும் இந்தப் பத்திரிகை அச்சில் போடாது. நானும் எழுதித் தர மாட்டேன்.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தலைவர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இரண்டு பேர் கையைக்கூடத் தட்டினார்கள். எனக்கு விளங்கியது. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தமிழ் வசவு விளங்காமல் போகுமா? காது இரண்டும் சூடாகிவிட்டன.

பலகை படித்துத் திருந்தியவர் யார்?

போன வாரம் வங்கிக் கவுன்டர் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, உங்களுக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, வேலைக்குப் போன நாளிலிருந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்டவரிடமும் பேச்சு வாங்கியவள் நான். அங்கே வாயைத் திறக்க முடியாது. வாரம் முழுக்க முழுங்கியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விசிலில்தான் ஊதித் தீர்ப்பேன்.

கல்யாணமாகிப் புனே வந்தபோது எனக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. கல்லூரியில் வாலிபால் ஆடியது ஒன்றுதான் தெரியும். பிள்ளைகள் பெரியவர்களானதும் நடுவர் தேர்வு எழுதித் தேறினேன். சாங்வியில் ஆற்றை ஒட்டிய மைதானத்தில் சங்கம் நடத்தும் ஆட்டங்களுக்கு ஞாயிறுதோறும் போய் நிற்பேன். சம்பளம் கிடையாது. டீயும் பன்னுக்குள் வடை வைத்த வடாபாவும் உண்டு. ஆற்றில் படர்ந்த ஆகாயத்தாமரையிலிருந்து கிளம்பி வரும் கொசுக்கடி உபரி.

சங்கத்தின் செயலாளர் குல்கர்ணி சார் ஓய்வுபெற்ற பேராசிரியர். மைதானத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் ஒரு நீளமான பட்டியல் எழுதினார். ஆடுகிறவர்களுக்கு இத்தனை விதி, பயிற்சியாளருக்கு இத்தனை, பெற்றோருக்கு, பார்வையாளருக்கு, நடுவருக்கு, நிர்வாகிகளுக்கு என்று ஒருவரையும் விடவில்லை. மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் பெரிய ஃப்ளெக்ஸ் அடித்துச் சுவரில் மாட்டினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். யார் படித்தார்கள்? ஒரு பயிற்சியாளர் அதன் பக்கத்திலேயே மாவாப் புகையிலையை மென்று துப்பினார். ஓர் அப்பா தன் ஹெல்மெட்டைத் தொங்கவிட அதில் ஓட்டை போட்டார்.

பெற்றோர்கள்தான் மோசம், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பிள்ளைகள் தோற்றுவிட்டு ஐந்து நிமிஷத்தில் எதிரணியோடு சேர்ந்து செல்ஃபி எடுப்பார்கள். அப்பாக்கள் அடுத்த ஞாயிறுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவார்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் சென்னியப்பன்தான். சங்கக் கூட்டத்தில் எழுந்து இந்தியில் பேசினார். எனக்காக அதையே தமிழிலும் ஒருமுறை சொன்னார்:

"போர்டு படிச்சு எவனுங்க திருந்துனான்? தப்புப் பண்ணுனவன அந்த ஆட்டம் முடியற வரைக்கும் வெளிய நிறுத்துங்க. யாரா இருந்தாலுஞ் சரி."

எல்லோரும் கைதட்டினோம். நான்தான் ரொம்பச் சத்தமாகத் தட்டினேன்.

ஆனால் வெளி எது, உள் எது? ஆற்றுப் பக்கம் சுவரே கிடையாது. அடுத்த ஞாயிறு என் வீட்டு பால்கனியில் துணி காயப்போடும் நீல நைலான் கொடியை அவிழ்த்துக் கொண்டுபோனேன். அது பாதிக்குத்தான் வந்தது. அதே மாதிரி இன்னொரு கட்டு வாங்கி முடிந்து, கம்பிகளை நட்டு, மைதானத்தைச் சுற்றிக் கட்டினோம். வம்பு செய்கிறவருக்கு நடுவர் அட்டையைக் காட்டி, விரலைக் கயிற்றின் பக்கம் நீட்டுவார். அவர் குனிந்து கயிற்றைக் கடந்து வெளியே போக வேண்டும். நின்று பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் உள்ளே வந்துவிடலாம். வந்தவரிடம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இதுதான் எங்கள் வழக்கம்.

பலகையால் ஆகாதது கயிற்றால் ஆனது. பெரிய கம்பெனியில் மேலாளராக இருக்கும் ஒருவர், கயிற்றுக்கு வெளியே ஆட்டோக்காரர்களோடு நின்றுகொண்டு வடாபாவ் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு ஆட்டம் முடிவதற்குள் எப்பேர்ப்பட்ட கோபமும் ஆறிவிடும். வடாபாவ் வண்டிக்காரருக்கும் வியாபாரம்.

என் வீட்டுக்காரரும் போனார்

என் கணவர் சங்கரன் பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வாலிபாலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பந்து உருண்டை என்பது மட்டும். ஆனாலும் நான் நடுவராக நிற்கும் ஆட்டங்களைத் தவறவிட மாட்டார். மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

கயிறு கட்டிய புதிதில் ஒரு நாள் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. நான் கையைக் காட்டினேன். அவருக்கு அது உள்ளே விழுந்ததாகத் தோன்றிவிட்டது.

"ஏளா கோமதி, லைன்ல விழுந்துட்டுன்னு சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியுது. ஒனக்குக் கண்ணு தெரியலையா?"

வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார். அந்த இடத்தில் அதைப் புரிந்துகொண்டவர்கள் நானும் சென்னியப்பனும் மரகதமும்தான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அட்டையை எடுத்தேன், விரலை நீட்டினேன். அவர் என்னையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடக்கு நாற்காலியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து வெளியே போனார். சென்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னாலேயே போய் அவருக்கு வடாபாவும் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு நாள் என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம், "எங்க வீட்டுல உள்ளவ பெரிய ரெஃபரி, என்னையே வெளிய தள்ளிட்டா" என்று பெருமையடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அதிலிருந்து மைதானத்தில் என்னைப் பார்த்துப் பாரபட்சம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அவர் நல்லவர்தான் என்பார்கள்

சென்னியப்பனைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மகளே தொலைபேசியில் பதறினாள். புனேயில் பிறந்தவள், இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அவளுடைய தமிழ் இந்தியில் கால் வைத்து நடக்கும். "அம்மா, சோடோ நா. அங்கிள் நல்லவர்தானே, எவ்ளோ பண்ணிருக்கார்" என்றாள். சோடோ நா என்றால் விட்டுவிடேன்.

பண்ணியிருக்கிறார், இல்லை என்று யார் சொன்னது? மைதானத்துக்கு விளக்கு போட்டுக் கொடுத்தார். வலை அவர் வாங்கியது. பெண்களின் சீருடை அவர் தைத்துக் கொடுத்தது. வெளியூர் ஆட்டத்துக்குத் தன் பட்டறை வேனை அனுப்புவார். பெண்களுக்கென்று தனியாக அணி வேண்டும் என்று முதலில் பேசியவரும் அவர்தான்.

அதனாலேயே யாரும் அவரை ஒன்றும் சொல்வதில்லை. ஆட்டத்தின் சூட்டில் அவர் தமிழில் ஏதாவது கத்துவதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். மேடைக்கும் பந்தலுக்கும் நடுவே ஒரு மைதானம் இருக்கிறது, பார்வையாளர் கூச்சல் இருக்கிறது. சத்தம்தான் வரும், வார்த்தை வராது. அன்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அதனால் வார்த்தை வந்தது.

நல்லவர், நல்லவர் என்று சொல்லியே ஒரு மனுஷனைக் கெடுக்க முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேடையிலிருந்து இறங்கினேன்

பிராஜக்தா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியாது. தன்னைத்தான் சொன்னார் என்று தெரியும். அது எந்தப் பெண்ணுக்கும் எந்த மொழியிலும் தெரிந்துவிடும்.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். சோபாவைப் பார்த்துக் காட்டினேன். விரலைக் கயிற்றின் பக்கம் நீட்டினேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பந்தலுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ காட்டுகிறேன் என்று நினைத்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பனும் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, நானா என்று சைகையில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

குல்கர்ணி சார் வேட்டி தடுக்கி விழாத குறையாக ஓடிவந்தார், அவர் வேட்டி கட்டுகிறவர் இல்லை என்றாலும். தாய், தாய் என்று கெஞ்சினார். அக்கா என்று அர்த்தம். தலைவரைப் போய் வெளியே நிறுத்துவதா, கோந்த்வாக்காரர்கள் என்ன நினைப்பார்கள், ஆட்டம் முடியட்டும், டீ குடித்தபடி பேசிக்கொள்ளலாம் என்றார். தலைவர் என்ன சொன்னார் என்று குல்கர்ணி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

நான் மேடையிலிருந்து இறங்கி நேராகப் பந்தலுக்குப் போனேன். சென்னியப்பன் குரலைத் தணித்துக்கொண்டார். நம் ஊர்க்காரரிடம் ரகசியம் பேசும் குரல்.

"அம்மிணி, இங்க யாருக்குங்க தமிழ் தெரியும்? உங்களுக்கும் எனக்குந்தான. கேக்காத மாதிரி உட்டுட்டு ஆட்டத்த நடத்துங்க."

"எனக்குத் தெரியும்லா" என்றேன். "எங்க வீட்டுக்காரரும் தமிழ்லதான் கத்துனாக. அன்னைக்கு நீங்கதான சிரிச்சீங்க. எந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டார். நான் இந்த சங்கத்துக்கு யார் தெரியுமா என்ற கேள்வி முகத்தில் எழுதியிருந்தது. நானும் நகரவில்லை. மைதானமே எங்களைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் வார்த்தை காதுக்கு எட்டாத தூரத்தில் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

ஒரு ஆளைத் தூக்கி வெளியே வைக்க என்னால் முடியாது. அதுவும் சென்னியப்பன் உடம்புக்கு நாலு பேர் வேண்டும். என்ன செய்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தபோதுதான் கயிறு கண்ணில் பட்டது. அது பந்தலின் பின்கால்களில் கட்டியிருந்தது. அதனால்தான் பந்தலும் சோபாவும் உள்ளே இருந்தன.

பின்னால் போனேன். முடிச்சை அவிழ்த்தேன். நான் கட்டிய முடிச்சு, எனக்கு அவிழ்க்கத் தெரியாதா? கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தேன். பந்தலின் முன்கால் ஒன்றில் இறுக்கிக் கட்டினேன். சோபாவுக்கு முன்னால், சென்னியப்பனின் மூக்குக்கு நேராகக் கயிற்றைக் கொண்டுபோய் அடுத்த காலிலும் கட்டினேன்.

இப்போது பந்தல் வெளியே. சோபா வெளியே. தலைவர் வெளியே.

திரும்பி மேடைக்கு நடந்தேன். பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள், எந்த அணிப் பெண்ணோ தெரியாது. மேடையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது மரகதம் சோபாவிலிருந்து எழுந்துகொண்டிருந்தார்.

கணவருக்காக என்னிடம் பரிந்து பேச வருகிறார் என்றுதான் நினைத்தேன். அத்தனை வருஷத்தில் மரகதம் அவர் சொல்லாமல் ஒரு இடத்திலிருந்து எழுந்து நான் பார்த்ததில்லை. அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். குனிந்தார். கயிற்றைக் கடந்து உள்ளே வந்தார். பெண்களின் பைகளும் தண்ணீர் பாட்டில்களும் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சோபாவில் சென்னியப்பன் மட்டும் இருந்தார்.

நான் ஊதினேன். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

குல்கர்ணி வீட்டு ஹால்

அடுத்த வாரம் செயற்குழு கூடியது. குல்கர்ணி சார் வீட்டு ஹாலில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். சென்னியப்பன் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் மரகதம். அவரும் குழு உறுப்பினர்தான். பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்று பேர் சேர்த்திருந்தார்கள். எந்தக் கூட்டத்திலும் அவர் பேசியதில்லை.

விஷயம் சுருக்கமானது. எல்லோர் முன்னாலும் தலைவரை அவமானப்படுத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்த மைதானத்தில் இனி விசில் எடுக்கக் கூடாது.

வாசகர்களே, வீட்டில் இரண்டு பேர். பிள்ளைகள் வெளியூரில். வங்கியில் ஓய்வுபெறும் நாள் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த இரும்பு மேடை போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. முந்தின இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. மன்னிப்புதானே, ஒரு வார்த்தைதானே, கேட்டுவிட்டுப் போயேன் என்று என் மனசே என்னிடம் தரகு பேசியது. என் வீட்டுக்காரர் மட்டும் காலையில் காபி கொடுக்கும்போது, "என்னைய வெளிய நிறுத்துனதுக்கு நீ மன்னிப்புக் கேக்கலையே" என்றார்.

கேட்க மாட்டேன் என்று சொன்னேன். இந்தியில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி.

சென்னியப்பன் ரொம்ப நிதானமாகப் பேசினார். அன்று தான் சொன்னது ஊர்ப் பக்கம் உரிமையோடு சொல்வது, கெட்டது ஒன்றும் இல்லை, அந்த அம்மாவுக்குத் திருநெல்வேலித் தமிழ், தன் கோயம்புத்தூர்த் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை என்றார். குழுவில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு இரண்டு தமிழும் ஒன்றுதான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். கெட்டது இல்லையென்றால் அந்த வார்த்தையை இங்கேயும் ஒருமுறை சொல்லட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து மராத்தியில் சொல்கிறேன், குல்கர்ணி சார் வீட்டம்மாவும் கேட்கட்டும் என்றேன். குல்கர்ணியின் மனைவி ஜவ்வரிசி போட்ட சாபுதானா கிச்சடித் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

எனக்குத் தேவையில்லை இந்த விளையாட்டெல்லாம் என்பது மாதிரிச் சென்னியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டதும் இந்த அம்மா ஒருத்தர், சொல்வதும் இதே அம்மா, சாட்சி எங்கே என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"மைனே பி சுனா."

நானும் கேட்டேன் என்று அர்த்தம். பேசியது மரகதம். காய்கறிக்காரரிடம் பேசிப் பழகிய இந்தி அது. திக்கித் திக்கி வந்தது. அவங்க சொல்றது நிஜம், கெட்ட வார்த்தைதான் சொன்னார், வீட்டிலும் அதையேதான் சொல்றார் என்று அந்த இந்தியிலேயே சொல்லி முடித்தார். பிறகு கணவரின் பக்கம் திரும்பினார். இதைத் தமிழில்தான் சொன்னார். சத்தமே இல்லை.

"எனக்குப் பழகிப் போச்சுங்க. அந்தப் புள்ளைக்குப் பழக வேண்டாம்."

இத்தனை வருஷம் சோபாவில் சென்னியப்பன் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாரே, தமிழ் தெரிந்தவர், கத்தியதெல்லாம் கேட்கும் தூரத்தில். அவரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

சென்னியப்பன் எழுந்தார். இந்தச் சங்கமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மரகதம் எழுந்திருக்கவில்லை. குல்கர்ணியின் மனைவி அவருக்குத்தான் முதல் தட்டைக் கொடுத்தார். மன்னிப்பைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. கிச்சடியைச் சாப்பிட்டுவிட்டு நானும் வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரரும் மரகதத்தை ஆட்டோவில் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டோம்.

கொடிக்கயிறு என்னுடையது

அந்த வாரமே பட்டறை வேன் வந்தது. விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பந்தல் போனது, சோபா போனது, வலையும் போனது. நீலக் கயிற்றை டிரைவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இது யாருது என்று கேட்டாராம். காகூ வீட்டுத் துணிக்கொடி என்று பெண்கள் சொன்னதும் விட்டுவிட்டார்.

நல்லதாகப் போயிற்று. இப்போது வெளிச்சத்தை நம்பிக் காலையிலேயே ஆட்டத்தை ஆரம்பிக்கிறோம். பழைய வலை ஒன்றைப் பெண்களே உட்கார்ந்து தைத்தார்கள். சீருடை வெளுத்துவிட்டது, அதனால் பந்து எழும்பாமல் போய்விடவில்லை. சங்கம் மூழ்கிவிடும் என்று சொன்னவர்கள் வந்து பார்க்கட்டும், டீ வாங்கித் தருகிறேன்.

சென்னியப்பன் மன்னிப்புக் கேட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. இதைப் படித்தால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிராஜக்தா இன்னும் இரண்டு முறை கேட்டாள், காகூ, அன்று அவர் என்ன சொன்னார் என்று. நான் சொல்லவில்லை. தமிழில் உனக்கு வேறு எந்த வார்த்தை வேண்டுமானாலும் சொல்லித் தருகிறேன் என்றேன். இப்போது எதிரணி சர்வீஸை எடுக்கும்போது "விடாதே, விடாதே" என்று அவள் தமிழில் கத்துகிறாள். மற்றப் பெண்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மரகதம் ஞாயிறுதோறும் பிம்ப்ரியிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் தோண்டிக் கேட்பதில்லை. அவராகச் சொன்னது ஒன்று உண்டு. "வாயத் தொறந்தாருன்னா 'கயிறு'ங்கறனுங்க அக்கா. செல நாள் எந்திரிச்சு பால்கனிக்குப் போயர்றாருங்க. செல நாள் நானே போயி நின்னுக்கறனுங்க." சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கினார்.

போன மழைக்காலம் முடிந்து மைதானம் காய்ந்த பிறகு நடந்த முதல் ஆட்டம். எங்களுக்கும் பக்கத்துப் பேட்டை அணிக்கும். பிராஜக்தா அடித்த பந்து மூலையில் விழுந்தது. கோட்டு நடுவர் வெளியே என்று கொடியைத் தூக்கினார். எனக்கும் வெளியே என்றுதான் பட்டது. நான் கையைக் காட்டினேன்.

பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது. இத்தனை பெரிய குரலை அந்த மைதானத்தில் நான் கேட்டதில்லை.

"எங்கீங்க வெளிய போச்சு? கண்ணு என்ன பொடனிலயாங்க இருக்குது?"

மரகதம் நின்றுகொண்டிருந்தார். கையில் யாருடைய துண்டோ இருந்தது, அதை என்னைப் பார்த்து உதறிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. ஆடிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மடக்கு நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு தோளைக் குலுக்கிச் சிரித்தார்.

எனக்கு இறங்கிப் போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அட்டையை எடுத்தேன். விரலை நீட்டினேன்.

அவர் மேடைக்குக் கீழே வந்து என்னை அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, நாஞ் சத்தம் போட்டது அங்க வரைக்குங் கேட்டுச்சுங்களா?"

"நல்லா கேட்டுச்சு மரகதம். அதான் வெளிய போகச் சொல்லுதேன்."

முந்தானையை இழுத்துச் செருகினார். குனிந்து கயிற்றைக் கடந்தார். வெளியே ஆட்டோக்காரர்களுக்கு நடுவே, இடுப்பில் கையை வைத்து, யாருக்கும் பயப்படாமல் நிமிர்ந்து நின்றார். வடாபாவ்காரர் ஒன்றை நீட்ட, வாங்கி ஒரு கடி கடித்தார்.

நான் விசிலை உதட்டில் வைத்து ஊதினேன்.